படித்தது போதும்

இந்திய நாவல்களையும் சிறுகதைகளையும் வாசிக்கும்போது ஒரு காட்சி என்னைத் திரும்பத் திரும்ப மறிக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நிற்கும் காட்சி அது. பெரிய சத்தம் எதுவும் இருக்காது. வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அவள்மீது உயிரையே வைத்திருப்பவர், "படித்தது போதும்" என்பார். புத்தகங்கள் அலுமாரிக்குள் போகும். கதை வேறு திசையில் நகர்ந்துவிடும்.

பெண்களின் வாழ்வு எப்படி மாறியிருக்கிறது என்று பேச, சீதனம், தொழில், விவாகரத்து என்று எத்தனையோ விடயங்கள் உண்டு. எனக்கு இந்த ஒரு காட்சியே போதுமாக இருக்கிறது. ஏனென்றால், படிப்பை நிறுத்துகிற பழக்கம் அவ்வளவு இலகுவில் மாறவில்லை. நிறுத்துவதற்குச் சொல்லும் காரணந்தான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. அந்தக் காரணங்களைக் கவனித்தால் சமூகம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது.

வங்க எழுத்தாளர் ஆசாபூர்ணா தேவி 1909ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். பாடசாலைப் படியே ஏறாதவர். சகோதரர்கள் படிக்கும்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்துப் பழகியதால், எழுத்துக்களை முதலில் தலைகீழாகத்தான் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். அப்படிப் படித்தவர்தான் 1964இல் 'பிரதம் பிரதிஸ்ருதி' என்ற நாவலை எழுதினார். 1976ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

நாவலின் நாயகி சத்யபதி. எட்டு வயதில் அவளுக்குக் கலியாணம் முடிந்துவிடுகிறது. அவள் வாழும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில், எழுத்துப் படிக்கும் பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை இருந்தது. படிப்பை நிறுத்த அந்தக் காலத்துக்கு அந்த அச்சமே போதும். சத்யபதி கேள்வி கேட்டுக் கேட்டே வளர்கிறாள். தன் மகள் சுவர்ணலதாவுக்காவது வேறு வாழ்க்கை அமைய வேண்டும் என்று நினைக்கிறாள். ஆனால், தாய்க்குத் தெரியாமலே ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்துவிடுகிறது. நடத்தி வைப்பவர் வேறு யாருமல்லர், சொந்தப் பாட்டியேதான். சத்யபதி சண்டை பிடிக்கவில்லை. குடும்பத்தையே விட்டுப் புறப்பட்டு விடுகிறாள்.

இந்தக் கதையை ஒருநாள் மாலை உம்மம்மாவிடம் சொன்னேன். எங்கள் உம்மம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கேட்டுக்கொண்டிருந்தவர், பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப அந்தத் தாய் திரும்பி ஊட்டுக்கு வரவே இல்லியா மகள்?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "எங்கட வாப்பாக்கு என்னில கோவம் ஒண்டும் இல்ல. பெரியபிள்ளையானா அவ்வளவுதான், எல்லாரும் அப்பிடித்தான். அண்டைக்கு எனக்குப் புதுச் சட்டையெல்லாம் வாங்கித் தந்தாங்க" என்றார்.

அந்தப் புதுச் சட்டையை என்னால் மறக்க முடியவில்லை. பெண்கல்வியைப் பற்றிய பேச்சுப் போட்டிகளில் நாங்கள் 'ஆணாதிக்கம்' என்று உரத்துச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். நல்ல நாவலில் அப்படி இலகுவாக வில்லன் கிடைப்பதில்லை. நிறுத்துகிற கை பாட்டியின் கையாக இருக்கும், உம்மாவின் கையாக இருக்கும். சில வேளை அதே கையில் புதுச் சட்டையும் இருக்கும்.

ஆசாபூர்ணாவுக்கும் முன்னால், அதே வங்காளத்தில், ஒரு முஸ்லிம் பெண் இந்தக் காட்சியைச் சிரிப்பாக மாற்றிப் பார்த்தார். ரொக்கையா சகாவத் ஹுசைன் 1880இல் ரங்பூரை அடுத்த பைராபந்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று பங்களாதேசில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு அண்ணன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொல்லிக் கொடுத்ததுதான் அவருக்குக் கிடைத்த பாடசாலை. கணவர் வெளியூர் போயிருந்த சமயம் பொழுதுபோக்காக அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் வெளியானது. கனவில் வரும் அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தால் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரே தண்ணீர் எடுக்கிறார்கள். இவ்வளவுக்கும் அடிப்படை என்ன என்று பார்த்தால், அரசியார் போட்ட இரண்டு சட்டங்கள்: பெண்கள் எல்லோரும் படிக்க வேண்டும், இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கலியாணம் கூடாது. இது 1905இல் எழுதப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்களை உள்ளே பூட்டி வைப்பது நீதியாகுமா என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது. ஆகாது என்பதே என் கருத்து. ரொக்கையாவும் அதை ஒரு தீர்வாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். தினமும் பார்த்துப் பழகிய ஒன்றைத் தலைகீழாகக் காட்டினால்தான் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கனவோடு அவர் நின்றுவிடவுமில்லை. கணவர் இறந்தபின் பாகல்பூரில் தொடங்கிய பெண்கள் பாடசாலையை 1911இல் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைக் கேட்டார். பர்தா கெடாமல் பிள்ளைகளை அழைத்துவர முழுவதும் மூடிய வண்டி ஒன்று இருந்தது. உள்ளே இருட்டிலும் புழுக்கத்திலும் பிள்ளைகள் மயங்கினார்கள் என்று பெற்றோர் முறையிட்டார்கள். அடைப்பை எடுத்துவிட்டுத் துணித்திரை போட்டதும், காற்றில் திரை விலகுகிறதே என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவருடைய கதையைவிட இந்த வண்டி பெரிய கதையாகத் தெரிகிறது.

தமிழுக்கு வந்தால், நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரை மட்டுமே படித்துவிட்டு 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டிருக்கிறார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்திருக்கிறார். இந்தப் பெயர் ஏன் எங்கள் காதுக்கு இவ்வளவு பிந்தி வந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

2004இல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை வாசித்தபோது அது வேறு நாட்டுக் கதையாக எனக்குத் தோன்றவில்லை. நோன்பும் பெருநாளும் கலியாணமும், சமையற்கட்டில் கூடும் ராத்தாமாரின் பேச்சும் எங்களுக்குத் தெரிந்தவைதானே. ராபியா என்ற சின்னப் பிள்ளை தோழிகளோடு பாடசாலைக்குப் போய்வருகிறாள். தன்னைவிட மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போவதைப் பார்க்கிறாள். தன் முறையும் வரும் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இங்கே விதவையாகிவிடுவாள் என்ற பழைய பயம் இல்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்பதே காரணம். அந்த ஊர் என்பது யார் என்று தேடிப் பார்த்தால், ஜமாஅத்துப் பெரியவர்கள் மட்டுமல்ல, அடுத்த வீட்டு மாமியும் அதில் இருக்கிறார்.

சல்மா திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். ஒன்பதாம் வகுப்போடு அவருடைய படிப்பும் நிறுத்தப்பட்டது. அவருடைய இயற்பெயரும் ரொக்கையா என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். வேறு பெயரில், மறைத்து எழுதியவர் 2001இல் தன் ஊரின் பேரூராட்சித் தலைவியானார். 2025இல் இந்திய மாநிலங்களவையின் உறுப்பினராகியிருக்கிறார்.

இந்த நாவலைப் பார்த்த என் உம்மாவுக்கு ஒரு மனக்குறை. "எங்கட ஊட்டுக் கதைய ஏன் வெளியில செல்லணும்?" என்றார். நியாயமான கேள்விதான். சல்மாவைப் பலரும் இதே கேள்வியால் கடிந்திருக்கிறார்கள். நாவலின் எல்லாப் பகுதிகளோடும் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால், வீட்டுக் கதையை வீட்டுப் பெண்ணே சொல்லும்போது அதில் கோபத்தோடு பாசமும் இருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து எங்களைப் பற்றி எழுதினால் கோபமோ இரக்கமோ மட்டுந்தான் மிஞ்சும். உம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் நாவலைப் பாதிவரை வாசித்துவிட்டார்.

பானு முஷ்தாக் கர்நாடகத்து ஹாசனில் 1948இல் பிறந்தவர். சட்டத்தரணி, கன்னடத்தில் எழுதுபவர். அவருடைய பன்னிரண்டு கதைகள் தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லாம்ப்' என்ற பெயரில் வந்து 2025இல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். தலைப்புக் கதையில் மெஹ்ருன் என்ற பெண் கணவனின் துரோகம் தாங்காமல் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வருகிறாள். ஒருகாலத்தில் படிப்பை முடிக்கவிடுங்கள் என்று மன்றாடியும் அவளைக் கட்டிக்கொடுத்தவர்கள், இப்போது குடும்ப மானத்தைச் சொல்லி அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். படிப்பு இல்லை, கையில் தொழில் இல்லை, போக வீடும் இல்லை. வாழ்வையே முடித்துக்கொள்ள நினைக்கும் அவளைத் தடுத்து நிறுத்துவது அவளுடைய மூத்த மகள். இன்னொரு கதையில், கணவனால் கைவிடப்பட்ட ஏழைப்பெண் ஒருத்தி பள்ளிவாசல் முத்தவல்லியிடம் நியாயம் கேட்டு அலைகிறாள். மார்க்கம் பெண்ணுக்குத் தந்திருக்கும் உரிமைகளை அவளுக்கு எடுத்துச் சொல்பவள் படித்த ஒரு பெண். உரிமை கிதாபில் இருந்தும் அதை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி அந்தக் கதையில் எனக்குக் கேட்டது.

இப்போது சொல்லப்படும் காரணம் எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியும். 'கலியாணத்துக்குப் பிறகும் படிக்கலாம்.' யாரும் போதும் என்று சொல்வதில்லை. 'பிறகு' என்றுதான் சொல்கிறார்கள். உம்மம்மா காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. படிப்பை நிறுத்துவது வெட்கத்துக்குரியது என்றாவது ஆகிவிட்டதால்தானே அதற்கு 'பிறகு' என்று பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

என் பெரியும்மாவின் மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். அதே மாதம் நல்ல இடத்திலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. பிறகு படிக்கலாம் என்று அவர்களும் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான், பொய் சொல்கிறார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ராத்தாவுக்கு மெஹ்ருனின் கதையை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு நாட்களில் புத்தகத்தைத் திருப்பித் தந்தவர், கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பெரிய வாப்பாவிடம், "படிக்க விடுவம் எண்டு செல்றாங்கதானே வாப்பா, அத நிக்காஹ்ல ஒரு நிபந்தனையா எழுதித் தரச் செல்லுங்க" என்றாராம்.

பெரிய வாப்பா முதலில் சிரித்தாராம். பிறகு, அப்படி எழுதலாமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதலாம் என்று பதில் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை எப்படிக் கேட்பது என்று பெரிய வாப்பாவும் பெரியும்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராத்தா பல்கலைக்கழகப் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டார்.