காந்தமும் சிறுவர் கார்களும்

சிறுவர் விளையாடி ஓய்ந்த பொருள்களைப் பெரியோர் எடுத்துப் பேணுவதைக் கண்டு சிலர் நகைப்பர். விளையாட்டுப் பொருளுக்கு அலுமாரி எதற்கு என்று வினவுவோரும் உளர். ஆயின், ஒரு குடும்பத்தின் வரலாறு காணி உறுதிகளில் மட்டும் எழுதப்படுவதன்று. கைபட்டுத் தேய்ந்த சிறு பொருள்களிலும் எழுதப்பட்டிருக்கும்.

எமது இல்லத்தில் அத்தகைய கார்கள் நான்கு உள. யாவும் எம் தமையனார் இளமையில் உருட்டி விளையாடிய ‘மச்பொக்ஸ்’ கார்கள். நெருப்புப்பெட்டிக்குள் அடங்கும் பித்தளை வண்டியொன்றை ஜக் ஓடெல் என்னும் ஆங்கிலேயர் தம் மகளுக்குச் செய்து கொடுத்தார். அதன் வழியே 1953 ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கியது இக்கார்களின் வரிசை. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வின்போது எம் அன்னையார் இந்நான்கையும் பிஸ்கற் தகரப்பெட்டியொன்றில் இட்டுக் காத்தார். தமையனார் கடல்கடந்து வாழ்கிறார். கார்கள் எம்மிடம் உள்ளன.

அலுமாரிக் கதவைத் திறக்குந்தோறும் அவை உருண்டு வீழ்ந்தன. பசையிட்டு ஒட்டினால் பழைய வர்ணம் உரியும். ஆணி அறைதலோ கொடுமை. பொருளைப் புண்படுத்தாது நிறுத்த வல்லது காந்தமே எனத் துணிந்தோம்.

காரின் உடல் நாகம் சேர்ந்த கலப்பு உலோகத்தாலானது. காந்தம் அதனைத் தீண்டாது. சக்கரங்களைத் தாங்கும் அச்சோ உருக்குக் கம்பி. காந்தம் பற்றுவது அவ்வச்சினையே. அன்னையாரின் பெட்டி மூடியும் உருக்குத் தகடாதலின், அதனையே பலகையாக நிமிர்த்தி வைத்தோம். அலுமினியத் தட்டு இதற்கு உதவாது.

பழைய ஒலிபெருக்கியிலுள்ள கரிய காந்தம் இதற்குப் பருமனாகும். 1980களின் தொடக்கத்தில் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியக் காந்தம் சிறிதாயினும் வலிமிக்கது. இடைவெளி சிறிது கூடினும் ஈர்ப்பு விரைந்து குன்றும். ஆதலின் அச்சினை ஏறக்குறைய முட்டுமளவு தடிப்புள்ள காந்தத்தையே தெரிதல் வேண்டும். பசை தகட்டுக்கும் காந்தத்துக்கும் இடையே மட்டும் இருக்கட்டும், காரில் படலாகாது. நேரே இழுத்துப் பிரிப்பதிலும் கீழ்நோக்கி வழுக்கச் செய்தல் எளிது. எனவே காரைக் குறுக்காக வைத்து, சக்கரங்களின் கீழ் துவிச்சக்கரவண்டி ரியூப்பின் துண்டொன்றை ஒட்டினோம். இக்காந்தத்தின் மேற்பூச்சு உடைந்தால் துருவேறும். எம் உப்புக்காற்றில் அதனை அடிக்கடி நோக்குதல் நன்று.

இனிச் சொல்லப்போவதே பெற்றோர் முதன்மையாகக் கொள்ளத்தக்கது. எம் தங்கையாரின் மகனுக்கு வயது இரண்டு. பளபளக்கும் சிறு வில்லை எதுவும் அவனுக்குத் தின்பண்டமே. ஒரு காந்தத்தை விழுங்கிய குழந்தை பின்னர் இன்னொன்றையோ இரும்புத் துண்டொன்றையோ விழுங்குமாயின், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளில் நின்று ஒன்றையொன்று இழுக்கும். இடைப்பட்ட குடற்சுவர் நசுங்கி, குருதியோட்டம் தடைப்பட்டுத் துளை விழும். தொடக்கத்தில் இது வெறும் வயிற்றுவலி போலவே தோன்றலாம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் வலி வரும்வரை காத்திராது, வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. ‘காந்தம்’ என்பதை வைத்தியரிடம் தெளிவாகக் கூறுக.

இதன்பொருட்டே எமது தகடு பூட்டுள்ள கண்ணாடிக் கதவுக்குள், குழந்தையின் கைக்கெட்டா உயரத்தில் உள்ளது. காந்தங்களின் தொகையை எழுதி வைத்து, வாரந்தோறும் எண்ணுகிறோம். பேஸ்மேக்கர் பொருத்திய முதியோர் உள்ள இல்லத்தில் அவரும் இவற்றை நெருங்காதிருத்தல் வேண்டும்.

நேற்றைய பிள்ளையின் பொருளைப் பேணுதல் நன்று. இன்றைய பிள்ளைக்கு அதனால் ஊறு நேராது பேணுதல் அதனினும் நன்று.