சாக்கடையின் ஓட்டம் தெரிந்தவர்

வேலூர் கஸ்பா பக்கம் ஒரு முட்டுச்சந்தில், சாக்கடைமேல் போட்டிருந்த கடப்பைக் கல்லைக் கம்பியால் நெம்பித் தூக்கினார் கழிவுநீர் ஆய்வுக் குழுவின் களப்பணியாளரான அண்ணன். ஐம்பதைத் தாண்டிய வயது. முழங்கை வரை ரப்பர் உறை, காலில் கம் பூட்ஸ். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேணாம். துணி தொவைக்கிற தண்ணிதான் வருது. கக்கூஸ் தண்ணி அந்தாண்ட போவுது" என்று கல்லைத் திரும்பக் கிடத்தினார். என் கண்ணுக்கு இரண்டு சாக்கடையும் ஒரே கறுப்பு.

கூட வந்த ஆய்வகப் பெண் நுண்ணுயிரியல் படித்தவர். கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டே, "மேப்ல இது ஒரே கால்வாய்தான் சார். அண்ணன் சொன்னாத்தான் ரெண்டுன்னு தெரியும்" என்றார்.

இவர்கள் தேடுவது ஊரார் வயிற்றிலிருந்து வெளியேறும் கிருமிகளை. காய்ச்சல் கண்ட எல்லாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். கிருமி நுழைந்தது தெரியாமலே நடமாடுகிறவர்கள் இன்னும் அதிகம். போலியோ தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும். மீதிப் பேர் ஒன்றும் அறியாமல் மலத்தின் வழியே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் கழிப்பறைக்குப் போகாத ஆள் கிடையாதே.

மும்பையில் போலியோவுக்காகக் கழிவுநீரைச் சோதிப்பது 2001-இல் தொடங்கியது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் நோய் கண்ட குழந்தை. அதன்பின் புது நோயாளி இல்லை என்று சொன்னால் மட்டும் போதவில்லை, சாக்கடையும் சுத்தம் என்று காட்ட வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில்தான் போலியோ ஒழிந்ததற்கான சான்று கிடைத்தது. 2022-இல் லண்டன் கழிவுநீரில் தடுப்பூசி வழி உருவான போலியோ வைரஸ் தென்பட்டபோது, அந்த நகரத்தில் கால் முடங்கிய குழந்தை ஒன்றுகூட இல்லை. கொரோனாக் காலத்தில் ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் இதே வழியில் வைரஸைத் தேடினார்கள்.

வேலூருக்கு இந்த வேலை அந்நியமில்லை. டி. ஜேக்கப் ஜான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) வைராலஜி ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய காலத்திலிருந்து போலியோ இந்த ஊரின் ஆராய்ச்சிப் பொருள். அதே கல்லூரியில் ஆய்வாளராக இருந்த ககன்தீப் காங்கும் அவர் சகாக்களும் ரோட்டா வைரஸைப் பின்தொடர்ந்து ஏறி இறங்கியது இதே குறுக்குத் தெருக்களில். 2017-க்கும் 2020-க்கும் இடையில் நாட்டின் நான்கு இடங்களில் குழந்தைகளின் டைபாய்டைக் கணக்கெடுத்தபோது மிக அதிகமாக இருந்தது வேலூரில்தான்: ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆயிரத்துக்கும் மேல். தொடர்ந்து, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் பிளாண்டயரிலும் இங்கேயும் ஒரே சமயத்தில் சாக்கடையில் டைபாய்டு தேடும் ஆய்வு நடந்தது. டைபாய்டு வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனால் சாக்கடையோரத்தில் நிற்கிறவருக்கு இரண்டுக்கும் வேலை ஏறத்தாழ ஒன்று.

பாதாளச் சாக்கடை உள்ள வெளிநாட்டு நகரங்களில் இது சுலபம். வீட்டுக் குழாயெல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்தில் வந்து விழும். வாசலில் ஒரு தானியங்கிக் கருவியை வைத்துவிட்டால் ஊர் முழுவதும் அதில் வந்துவிடும். வேலூரில் அப்படியா? செப்டிக் டேங்க் நிரம்பி வழிவது ஒரு பக்கம், டேங்கே இல்லாமல் நேராகச் சாக்கடையில் விடுவது இன்னொரு பக்கம். எல்லாம் திறந்த வாய்க்காலில் வளைந்து நெளிந்து நிக்கல்சன் கால்வாயில் சேர்ந்து பாலாற்றுக்குப் போகின்றன. எந்த வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எந்த அலுவலகக் கோப்பிலும் எழுதியிருக்காது. மேட்டுத் தெருவில் சாயத்தூளைக் கொட்டி, கீழே எங்கே நிறம் வருகிறது என்று பார்க்கலாம். அண்ணனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. மழை பெய்தால் எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறும் என்று கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். "தண்ணி பூந்த வூட்டுக்காரங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார்.

இரண்டாவது கல்லை நெம்பியதும் இடம் அமைந்தது. பையிலிருந்து காஸ் துணியை எடுத்தார் அந்தப் பெண். காயத்துக்குக் கட்டும் அதே துணி. நீளமாக வெட்டி, மடித்து, நடுவில் தூண்டில் நரம்பால் இறுகக் கட்டிக் கிருமி நீக்கி வைத்திருந்தது. 1948-இல் இங்கிலாந்தின் பிரெண்டன் மூர், பாராடைபாய்டைப் பரப்பும் ஆள் எந்த வீட்டில் இருக்கிறார் என்று சாக்கடையில் துணி தொங்கவிட்டே பின்னோக்கிப் போய்ப் பிடித்த கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள், அண்ணன் நரம்பை ஓர் இரும்புக் கம்பியில் முடிந்து துணியை ஓட்டத்தில் இறக்கிவிட்டார். ஒன்றிரண்டு நாள் அது அங்கேயே கிடக்கும். ஒரு லிட்டர் முகந்தால் அந்த நிமிடத்துத் தண்ணீர்தான் கிடைக்கும். துணி இரவு பகலாக வருவதையெல்லாம் பிடித்து வைக்கும்.

பிடித்துக்கொண்டு அது அங்கேயே இருந்தால். பிளாஸ்டிக் பை வந்து சுற்றும், ஆடு இழுக்கும், பையன்கள் மீன் பிடிக்கும் கயிறு என்று நினைத்து உருவுவார்கள். தூர் வாரும் மாநகராட்சிப் பணியாளர் குப்பையோடு அள்ளிவிடுவதும் உண்டு. ஆகவே எதிர்வீட்டு ஆட்களைப் பழக்கம் பிடித்து வைப்பது தொழிலின் ஒரு பகுதி. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா கை நிற்காமலே கேட்டார்.

"இன்னாத்துக்குப்பா துணி கட்றீங்க? எங்க தெருவுல யாருக்குனா வியாதியா?"

"ஆளுக்குப் பாக்கலம்மா. ஊருக்குப் பாக்கறோம். கொஞ்சம் பாத்துக்கோங்க, புள்ளைங்க எடுத்துடப் போவுதுங்க."

அந்தக் கேள்விக்கு அவர் சட்டென்று பதில் சொன்னாலும், கேள்வி அத்தனை சின்னதில்லை. 2020-இல் ஒரு தெருவின் பெயர் செய்தியில் வந்தால் அந்தத் தெருக்காரருக்கு என்னென்ன நேர்ந்தது என்பதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. சாக்கடையில் ஆளின் பெயர் இருக்காது, சரி. தெருவின் பெயர் இருக்குமே. அதைச் சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும், ஊருக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி. குழுவும் அப்படித்தான் வைத்திருக்கிறது. குப்பிகளின் மேல் வெறும் எண்கள்.

துணி டைபாய்டுக்கு. வைரஸுக்கான மாதிரியை முகந்துதான் எடுக்கிறார்கள். காலை ஊர் எழுந்து கழிப்பறைக்குப் போகும் நேரம் தவறக் கூடாது. கைப்பிடி நீண்ட குவளையில் முகந்து குப்பியில் ஊற்றி, மூடியைக் கிருமிநாசினியால் துடைத்து, தடுப்பூசிக்குப் பயன்படுத்தும் நீலப் பெட்டியில் பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவில் வைக்கிறார்கள். ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்துச் சுழற்றினால் வைரஸ் அடியில் படியும். அதன்பின் பி.சி.ஆர். முடிவு 'இல்லை' என்று வந்தால், வைரஸ் இல்லையா, அல்லது மனிதக் கழிவே இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது: மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸைத் தேடுவார்கள். மனிதருக்கு அதனால் தீங்கில்லை. நாம் தின்னும் மிளகாயோடு உள்ளே போய் அப்படியே வெளியே வரும். அது இருந்தால் மனிதக் கழிவு இருக்கிறது. "நம்ம ஊர்ல அது இல்லாம இருக்குமா சார்" என்று அந்தப் பெண் சிரித்தார்.

தோல் பதனிடும் ஊரான ஆம்பூருக்கு அவர்களை அழைத்துப் போனது என் ஆசை. அங்கே துணி கட்டச் சொன்னால் எங்கே கட்டுவீர்கள் என்று அண்ணனிடம் கேட்டிருந்தேன். அவர் சின்ன வயதில் பேர்ணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர் என்பது பேருந்தில்தான் தெரிந்தது. உப்புத்தோலை நனைத்து, சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு முடி உதிர்க்கும் பகுதி அது. விரல் நுனியில் பழைய தழும்புகள் இருந்தன.

ஆம்பூரில் முதல் வாய்க்காலருகே போனதும் மூக்கைத் தூக்கினார். "இது வூட்டுத் தண்ணி இல்ல. குழித் தண்ணி. முட்ட அழுவுன வாசன பாருங்க." நாங்கள் குனிந்ததும் இருவரையும் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. செறிவு கூடினால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும், அடுத்து மூச்சு போகும். தொட்டிக்குள் இறங்கி மாண்ட தொழிலாளர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் செத்துப் போனார்கள், தூக்கத்திலேயே. எதற்குள்ளும் இறங்குவதில்லை, எல்லாம் மேலிருந்து மட்டும் என்பது குழுவின் விதி. டைபாய்டு, ஹெபடைடிஸ், டெட்டனஸ் ஊசிகளும் போட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தூர் வாரும் ஒப்பந்தப் பணியாளரிடம் ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று 1996 ஆகஸ்டு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் குறித்திருக்கிறது. தோல் ஆலைகள் பாலாற்றை மாசுபடுத்துவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்பது இந்தியச் சட்டத்தில் வேர்பிடித்தது பாலாற்றால். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் பாலாற்று மாசு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு.

உப்பும் குரோமியமும் கொழுப்பும் கலந்த தண்ணீர் பி.சி.ஆர். வினையையே முடக்கிப்போடும். வைரஸ் இருந்தும் கருவி 'இல்லை' என்று சொல்லும். இதைக் கண்டுபிடிக்க, தெரிந்த வைரஸ் ஒன்றைத் தெரிந்த அளவில் மாதிரியில் கலந்து, கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது வழக்கம். பல ஆய்வகங்களில் அதற்கு மாடுகளுக்கு வரும் கொரோனா வைரஸைத்தான் எடுக்கிறார்கள். "மாட்டுத்தோல் கழுவுற ஊர்ல அத நம்பி ஊத்த முடியுமா? வேற வைரஸ்தான் பாக்கணும்" என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார் அந்தப் பெண். வேதியியலை ஆய்வகம் ஓரளவு சமாளிக்கும். அதைவிட மலிவான வழி, தோல் தண்ணீர் சேர்வதற்கு முந்தின திருப்பத்தில் துணி கட்டுவது. அந்தத் திருப்பம் எது என்பது குழிக்குள் நின்றவருக்குத் தெரியும்.

அதைத் தேடி ஒரு மதில் ஓரமாக நடந்தோம். காவலாளி ஓடிவந்தார். "யாருங்க நீங்க? பொல்யூஷன் போர்டா?" பாட்டிலோடு வாய்க்காலருகே நிற்பவர் எவரும் இந்த ஊரில் மாசு வாரியத்துக்காரர்தான். "இல்லப்பா, காய்ச்சல் பாக்க வந்தோம்" என்றார் அண்ணன். அது காவலாளியை இன்னும் குழப்பியது. அண்ணன் பேர்ணாம்பட்டு நாட்களைச் சொன்னார். பிறகு அந்தக் காவலாளியே, மசூதித் தெருவும் காலனியும் சேரும் இடத்தைக் காட்டி, "இதுக்கு மேல ஷாப்பு எதுவும் இல்ல, வூடுங்கதான்" என்றார். தண்ணீர் அங்கே சாம்பல் நிறமாக, நாற்றம் வேறாக இருந்தது. அண்ணன் தலையசைத்தார். ஆய்வகப் பெண் புள்ளி வைத்தார்.

இப்படிப்பட்ட ஆய்வுகள் அறிக்கையாகும்போது 'இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன' என்று ஒரு வரி வரும். அண்ணனின் ஊதியம் நாள்கூலி, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. கருவி வாங்க ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கைத் திருப்பினால் இவரைப் போன்றவரை மாநகராட்சியிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பு என்பது ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் செய்தால்தான் பயன் தரும்.

வேலூர் திரும்பியதும் புதுச் சிக்கல். பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குத் தோண்டிய தெருக்களில் பழைய வாய்க்கால்கள் மூடப்படுகின்றன, பட்டியலில் உள்ள இடங்கள் சில மாறப்போகின்றன. பொறியாளரிடம் வாங்கிய வரைபடத்தைத் தேநீர்க் கடை மேசையில் விரித்தார் அந்தப் பெண். இனி எல்லாம் ஒழுங்கான குழாய், மேன்ஹோலில் துணி கட்டினால் போதும் என்றார். அண்ணன் விரலால் கோட்டைத் தொடர்ந்தார்.

"பைப்பு போட்டாச்சு, சரி. எத்தினி வூட்டுக்குக் கனெக்சன் குடுத்துக்கீறாங்க?"

அந்த விவரம் வரைபடத்தில் இல்லை. மறுநாள் வீடு வீடாகக் கேட்பது என்று முடிவானது. எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது என்று அண்ணன் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.