சண்டை மீனும் சுற்றமும்

ஒருபிடி நீர் கொண்ட கண்ணாடிக் குப்பியில், தோகை விரித்த சிறு மயில்போலத் தனித்து மிதக்கும் மீனைக் காணாத சிறுவர் நம் குடும்பங்களில் அரியர். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இக்குப்பிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். 'ஃபைட்டர்' என்பது கடைவழக்கு; சண்டை மீன் என்று நாம் சொல்லலாம். ஆணோடு ஆணைச் சேர்த்தால் துடுப்புகள் கிழியும். ஆதலால் அதற்குத் தனிச்சிறை. ஆனால் பிற இன மீன்களோடும் அது வாழவே இயலாதா? "இத்தனை மீன் கூடியிருக்கும் வீட்டில், இது மட்டும் என்னப்பா பாவம் செய்தது?" என்று எங்கள் அன்னையார் கேட்டபோது, எங்களிடம் விடை இல்லை.

இம்மீனின் தாயகம் சயாம், இன்றைய தாய்லாந்து. அங்கே பந்தயம் கட்டி இதனைப் பொருதவிட்டனர். 1840இல் அந்நாட்டு மன்னர் தந்த சில மீன்கள், வங்காளத்தில் பணியாற்றிய மருத்துவர் கேன்டர் கைக்கு வந்தன; மேலைநாட்டு அறிஞர் இதனை அறிந்தது அவ்வழியே. 1910இல் ரீகன் என்பார் இன்றைய அறிவியற் பெயரைச் சூட்டினார். 2019இல் தாய்லாந்து இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. அந்நாட்டு வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் இயற்கை மீனுக்கு நீள்தோகை இல்லை. அங்கே பூசல் மூண்டால் தோற்ற மீன் புல்லுக்குள் ஓடி மறையும். குப்பிக்குள் ஓட ஏது இடம்? கொடுமை மீனிடத்து மட்டுமே உள்ளதென்று எங்களால் சொல்ல இயலவில்லை.

சிறுகுப்பியிலும் அது மடியாதிருப்பதற்குக் காரணம் வேறு. செவுளன்றி, காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பொன்றும் அதற்கு உண்டு. நம் நாட்டுப் பனையேறிக் கெண்டைக்கும் அவ்வாறே. தரங்கம்பாடியில் இக்கெண்டை பனையேறக் கண்டதாக டால்டார்ப் என்ற டேனிய அலுவலர் எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். குப்பியில் உயிர் தரித்திருப்பதையே அதன் விருப்பமென்று கொள்வது, ஒண்டுக் குடித்தனக்காரனுக்கு விசாலமான வீடு பிடிக்காது என்பது போலாகும்.

காந்தலூருக்கு மாற்றலாகி வந்தபின் புதிய இடர் ஒன்று எதிர்ப்பட்டது. அஞ்சுநாட்டு ஊர்களுள் ஒன்றான இது ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தது. மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர் தம் முன்னோர் என்பது இவ்வூர்த் தமிழர் வழிவழிக் கூற்று. மார்கழிக் குழாய்நீரில் கைவைத்தால் விரல் மரத்துப் போகும். சண்டை மீனுக்கோ இருபத்தைந்து முதல் இருபத்தெட்டுப் பாகை வெம்மை வேண்டும். எனவே ஹீட்டர் இன்றியமையாதது. தொட்டிக்கு மூடியும் அவ்வாறே. அது துள்ளும் என்பதற்காக மட்டுமன்று. நீர்மேல் நிற்கும் காற்றும் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும்.

அறுபது லிட்டர்த் தொட்டியில் செடிகளை நெருக்கமாக நட்டோம். நீள்தோகையுடைய கப்பி மீன்களை விலக்கினோம். அவற்றைத் தன்போன்ற ஆணென்று கருதி இது பாயக்கூடும். வரியுடைய டைகர் பார்ப் மீனோ தோகையைக் கடித்துக் குதறும். அங்கே அடிபடுவது சண்டை மீனே! இதனை எவரும் நம்புவதில்லை. எட்டு ரஸ்போராக்களும், தரையில் மேயும் கோரிடோராஸ் ஆறும் முதலில் குடியேறின. சண்டை மீனைக் கடைசியாகவே விட்டோம். முன்னரே விட்டிருப்பின் தொட்டி முழுதும் தனதென்று கொண்டிருக்கும். நீரோட்டம் மிகாதவாறு ஃபில்டரையும் தணித்து வைத்தோம்.

முதல் நாள் அது செவுள்மூடி விரித்து ரஸ்போராக் கூட்டத்தை இருமுறை துரத்தியது. அவை செடிக்குள் புகுந்தன. அதுவும் சலித்துத் திரும்பியது. மூன்றாம் நாள், உணவிடுங்கால் சிறுமீன்கள் முந்திக்கொள்ள, 'வீரர்' பட்டினி கிடந்ததைக் கண்ட எங்கள் மகள் சிரித்துவிட்டாள். அன்று முதல் அதற்கு ஒரு மூலையில் தனியே இரை.

தைமாதத்து இரவொன்றில் பெருங்காற்றால் மின்சாரம் நின்றது. நீரின் வெம்மை இருபத்திரண்டுக்கு இறங்கியது. வெந்நீர் அடைத்த குப்பிகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பளியைச் சுற்றிப் போர்த்தினோம். அன்னையார் அடுப்பை அணைக்கவிடவில்லை. விடியும்வரை முறைவைத்துக் குப்பிகளை மாற்றினோம். காலையில் கம்பளியை விலக்கியபோது ரஸ்போராக்கள் ஒதுங்கி நின்றன. சண்டை மீன் நிறம் மங்கி, ஓர் இலைமேல் சாய்ந்திருந்தது; எனினும் மெல்ல மேலெழுந்து காற்றை விழுங்கியது. அதன்பின்னரே எங்கள் இல்லத்தார் காபி பருகினர்.

இப்போது அது இடப்புற மூலையில் நுரைக்கூடு கட்டியிருக்கிறது. பெண்மீன் இல்லை, முட்டையும் இல்லை. ஆயினும் காவல் உண்டு. அம்மூலையை நெருங்கும் ரஸ்போராவை ஒருசாண் தொலைவு விரட்டுகிறது. மற்றப் பகுதியில் அவற்றிடையே உலவுகிறது.