வழி விடுதல்

நீர் தான் சென்ற வழியை எளிதில் மறப்பதன்று, மாந்தரே மறக்கின்றனர். வரத்துக்காலைத் தூர்த்து மனையாக்குவர். பின்னர் வெள்ளம் வாயிற்படி ஏறுங்கால், 'இஃதென்ன கொடுமை!' என்று வியப்பர். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியதை அறிந்தோர் இவ்வுண்மையை ஐயுறார்.

நாம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நாள்தோறும் இரயிலேறித் தாம்பரத்திற்குப் பயில வருகின்றோம். இங்கு அண்மையிலுள்ளது சிட்லபாக்கம் ஏரி. முன்பு சுமார் 86 ஏக்கராயிருந்த அது 47 ஏக்கராகச் சுருங்கிற்று. கரையிலே குப்பைமேடு, உள்ளே சாக்கடை நீர். 2019-ஆம் ஆண்டுக் கோடையிலே சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, அவ்வூரார் பிறரை எதிர்பார்த்து வாளாவிருந்தாரல்லர். ஜூன் மாதத்தில், 'சிட்லபாக்கம் ரைசிங்' என்னும் குழுவினரோடு நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டி ஏந்தி ஏரியில் இறங்கினர். அதன்பின் அரசினர் ஏரியைச் சீர்ப்படுத்த 25 கோடி ரூபாய் ஒதுக்கினர்.

ஊரார் தம் ஏரியைத் தாமே செப்பனிடுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. குடிமராமத்து என்பது அதன் பெயர். 2017-இல் அரசினரும் அப்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கினர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. முன்னோர்க்கு ஏரிநீரால் விளையும் வயல் இருந்தது. சிட்லபாக்கத்தார்க்கு வயலில்லை, கிணற்றில் ஊறும் நீரும், தம் மக்கள் வாழப்போகும் ஊருமே அவர்தம் ஊதியம்.

இனி, ஏரி தனித்து வாழ்வதன்று. சிட்லபாக்கத்து மிகுநீர் செம்பாக்கம் ஏரிக்குச் சென்று, அங்கிருந்து வேறு ஏரிகளையுங் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைதல் வேண்டும். இடையிலுள்ள கால்வாய் அடைபடின், மேலூர் ஏரியின் தூய்மை கீழூர்க்குப் பயன்படாது. ஆதலின் தூர் வாருதல் எளிது. வழி விடுதலே அரிது.

இவ்வருமையை நம் ஊரிலேயே காண்கின்றோம். குன்றைக் குடைந்தமைத்த நரசிம்மர் கோயிலை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்துவரும் ஊர் அது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நாடி வந்தோர் பெருகவே, மனையின் விலையும் பெருகிற்று. எம் தெருவின் புறத்தே ஓடிய காலோ ஒரு தலைமுறையில் சாக்கடையாயிற்று. அதனைத் துப்புரவு செய்யலாமென்று வீடுதோறும் சென்று கேட்டோம். மறுத்தவர் ஒருவருமிலர். ஆனால், காலை அதன் பழைய அகலத்திற்கு விரித்தல் வேண்டும் என்றவுடன் பேச்சு நின்றது. "குப்பையை அள்ள நானும் வருகிறேன், தம்பி, சுவரை மட்டும் கேளாதே. இது போனால் எங்கே போவேன்?" என்றார் கடைசி வீட்டுப் பாட்டி. அவருக்கு இருப்பது ஓரறையே. அவரைத் தன்னலக்காரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஈசாக்கு, தன் தந்தை ஆபிரகாம் காலத்தில் வெட்டப்பட்டுப் பெலிஸ்தரால் தூர்க்கப்பட்ட துரவுகளை மீண்டும் தோண்டினான் என்று வேதத்தில் படிக்கின்றோம். அவனுக்குத் தூர்த்தவர் பிறர். நம் ஊர்களிலோ தூர்த்தவரும் ஊராரே. தோண்ட வேண்டியவரும் ஊராரே. ஆகவே நம் பணி அவன் பணியினும் கடியது.

எனினும் அதற்கும் ஒரு முறை உண்டென்பது நம் கருத்து. சுற்றுச்சுவரும் தோட்டமும் உடையார் முதலில் வழி விடுக. ஓரறையே உடையார்க்கு, வேலைக்கும் பள்ளிக்கும் அணித்தாகிய மாற்றிடம் முன்னர் அளித்து, அதன் பின்னரே அவர் சுவரைத் தொடுக. எளியோரின் வீட்டை மட்டும் இடித்து ஓடும் நீர் ஊர்க்கு நலம் பயக்குமோ? மாணவராகிய நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. வருவாய்த்துறையின் புலப்படத்தைப் பெற்று, கால் எங்குத் தொடங்கி எங்கு முடிந்ததென ஊரார் காண வரைந்து வைப்போம். எவருடைய சுவர் எவ்வளவு உள்வந்தது என்பதை அப்படமே கூறும். பெரியவர் பெயரென்று அது மறையாது. வரும் ஐப்பசிக்கு முன் இதனைச் செய்து முடித்தல் நம் கடன். மழை நமக்காகக் காத்திராது.