பூனை ஸ்டாம்ப்

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு பூனை இருந்தது. முட்டை போடுற நாளில் மட்டும் கரெக்டா ஆஜர் ஆகும். அதோட மூஞ்சிதான் எங்க ஸ்டாம்ப்!

என்ன ஸ்டாம்ப்னு கேக்கறீங்களா? சொல்றேன்.

2001. நான் செகண்ட் இயர். அப்போ எங்க யார் கையிலும் செல்போன் கிடையாது. பாய்ஸ் ஹாஸ்டலுக்கும் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் நடுவில் ஒரு ரோடு, ஒரு காம்பவுண்டு சுவர், ஒரு வாட்ச்மேன் தாத்தா. அந்தப் பக்கம் இருந்த ஒரே போனும் வார்டன் ரூமில். நோட்ஸ் வேணுமா, அசைன்மென்ட் டவுட்டா, (நீங்க நினைக்கிற அந்த மேட்டரா!) எல்லாத்துக்கும் லெட்டர்தான். சாயங்காலம் லைப்ரரியில் வாங்கி, லைப்ரரியிலேயே கொடுக்கணும். அந்தத் தபால்காரன் நான்.

ஸ்டாம்ப் ஐடியா என் ரூம்மேட்டுடையது. அவன் தபால்தலை சேர்க்கிற பைத்தியம். ஒரு நாள் பழைய கேட்லாக் ஒன்றைத் தூக்கிக்கிட்டு வந்தான். "மச்சி, ஆக்ஸ்ஃபோர்ட்ல காலேஜே ஸ்டாம்ப் அடிச்சிருக்குடா!"

நிஜம்தான். ஆக்ஸ்ஃபோர்டில் 1870-ல் ஆரம்பித்த கீபிள் காலேஜ், அடுத்த வருஷமே தன் சின்னத்தைப் போட்டு சொந்தமாக ஸ்டாம்ப் வெளியிட்டது. விலை அரை பென்னி. அரசாங்கத் தபாலில் ஒரு லெட்டர் போட ஒரு பென்னி ஆன காலம் அது. ஊருக்குள்ளேயே இன்னொரு காலேஜுக்கு லெட்டர் அனுப்பணுமா, அரை பென்னி ஸ்டாம்பை ஒட்டிக் கொடுத்தால் போதும். காலேஜ் ஆள் நடந்துபோய்க் கொடுத்துவிடுவார். மெர்ட்டன், லிங்கன், எக்ஸிடர் என்று மற்ற காலேஜ்களும் ஆளுக்கொரு ஸ்டாம்ப் போட்டன. கேம்பிரிட்ஜ் மட்டும் சும்மா இருக்குமா? செல்வின், குவீன்ஸ், செயின்ட் ஜான்ஸ் அங்கே கிளம்பின. கடைசியில் தபால் துறை முழித்துக்கொண்டது. லெட்டர் கொண்டுபோகிற உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று 1885 கடைசியில் தடை போட்டது. அத்தோடு கடை மூடல்!

அவங்க அரை பென்னின்னா, நாம அரை ரூபாய். முடிவு பண்ணிட்டோம். ரூம்மேட் பூனையை வரைந்தான். ஜெராக்ஸ் கடையில் சின்னதாக்கி, ஒரு ஷீட்டுக்கு 40 பூனை. பின்னாடி கோந்து கிடையாது. மெஸ் சோத்துப் பருக்கைதான் கோந்து. (அந்தச் சோறு வேற எதுக்கும் லாயக்கில்லை, அது தனிக் கதை.) ஸ்டாம்ப் ஒட்டிய லெட்டர் அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரும். இதுதான் எங்க கேரன்டி.

அதே புத்தகத்தில்தான் லைசாண்டர் ஸ்பூனர் அறிமுகம் ஆனார். அமெரிக்க வக்கீல். அப்போ நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு லெட்டர் அனுப்ப அரசாங்கம் 18.75 சென்ட் வாங்கிக்கொண்டிருந்தது. அநியாயம் இல்லையா? 1844-ல் மனுஷன் சொந்தமாக ஒரு தபால் கம்பெனியே தொடங்கிவிட்டார். பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர். லெட்டருக்கு 5 சென்ட், ஒரு டாலருக்கு 20 ஸ்டாம்ப். ஸ்டாம்பில் கழுகு! நாடு முழுக்கச் செல்லுகிற அமெரிக்க அரசு ஸ்டாம்பே 1847-ல்தான் வந்தது. தலைவர் அதற்கு மூணு வருஷம் முந்திக்கொண்டார்.

"தபால் ஆபீஸ் தொடங்கும் அதிகாரம் அரசுக்கு இருக்குன்னு அரசியல் சட்டம் சொல்லுது, மத்தவங்க தொடங்கக் கூடாதுன்னு எங்கே சொல்லுது?" இதுதான் அவர் வாதம். கேஸ் மேல் கேஸ் விழுந்தது. அவருடைய ஆட்களைப் பிடித்தார்கள். 1845-ல் அரசாங்கம் தனியார் தபால் மீதான தடையை இறுக்கியது. அதே கையோடு, 300 மைலுக்குள் 5 சென்ட் என்று தன் கட்டணத்தையும் இறக்கியது. கம்பெனி காலி. ஆனால் ஜெயித்தது யாருங்க?

அந்த வயசில் ஸ்பூனர் எனக்கு ஹீரோ. இப்போ யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் லாபம் கொழிக்கிற பெரிய ஊர்கள். குக்கிராமத்துக்கு லெட்டர் தூக்கிக்கொண்டு போனது அரசாங்கம்தான்.

நாங்க செஞ்சதும் சட்டப்படி தப்புதான். 1898-ம் வருஷத் தபால் சட்டப்படி, போகிற வழியில் ஃப்ரெண்டு ஒருத்தர் லெட்டரை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஆனா காசு வாங்கக் கூடாது. நான்தான் எட்டணா வாங்கினேனே! அந்தச் சட்டம் போய், 2023-ல் போட்ட புதுச் சட்டம் 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. லெட்டர் கொண்டுபோகும் ஏகபோக உரிமை அதில் இல்லை. தபால்தலை வெளியிடும் உரிமை மட்டும் இந்தியா போஸ்ட்டுக்கே. ஆக, என்னை இப்போ விட்டுவிடுவார்கள். பூனைதான் மாட்டும்.

ஆனா எங்க தபாலை மூட வைத்தது எந்தச் சட்டமும் இல்லை. வார்டனும் இல்லை.

அந்த வருஷம் மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு ஒரு லெட்டர் கொடுத்தா. எங்க ஹாஸ்டலில் ஃபைனல் இயர் படித்த அவளோட பெரியப்பா பையனுக்கு. ஒழுங்கா ஓரத்தில் பூனை ஒட்டியிருந்தது. வாங்கி காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்துக்குள் வைத்தேன்.

மறுநாள் கொல்கத்தா டெஸ்ட். லக்ஷ்மணும் டிராவிட்டும் விக்கெட்டே விழாமல் நாள் பூரா ஆடின நாள். டி.வி. ரூமை விட்டு ஒருத்தன் நகரலை. வியாழக்கிழமை ஹர்பஜன் சுழற்ற, நாம ஜெயிச்சோம். ராத்திரி வரை ஆட்டம், பாட்டம், தட்டு அடி. காஸ்ட் அக்கவுன்டிங்கை எவன் தொடுவான்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைப்ரரி வாசலில் நின்னுட்டிருந்தா. பரீட்சை ஃபீஸுக்கு 200 ரூபாய் குறைஞ்சிருக்கு. அண்ணன்கிட்ட கேட்டு எழுதின லெட்டர் அது. கடைசி நாள் வியாழன். ரூம்ல இருந்த பொண்ணுங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அன்னிக்குக் காலையில் ஃபைனோட கட்டியிருக்காங்க.

திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை.

"அண்ணா, நான் ஸ்டாம்ப் ஒட்டித்தானே குடுத்தேன்?"

பாக்கெட்டில் இருந்த 50 பைசாவை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. வாங்காமலே போயிட்டா.

ராத்திரி அந்த லெட்டரை அவ அண்ணன் ரூமில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிச்சவர், தேதியைப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டு ரோட்டைத் தாண்டி வாட்ச்மேன் தாத்தாகிட்ட போனார். மறுநாள் மீதி இருந்த ரெண்டு ஷீட் பூனையையும் ரூம்மேட்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். "ஏன்டா?"ன்னான். லக்ஷ்மண் மேல பழியைப் போடலாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன்.