நயினாதீவில் ஒரு புதுக்குதிரை

கடலை வேலியாகவும் பனையைக் காவலாகவும் கொண்ட சிற்றூர் நயினாதீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கிடக்கும் தீவுகளுள் பரப்பால் சிறியது. ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர்தான். புகழாலோ மிகப் பெரியது. பாலி நூல்கள் கூறும் நாகதீபம் இதுவே என்பர். மணிமேகலை சென்ற மணிபல்லவமும் இதுவே என்று கொள்வோர் பலர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்குச் சூட்டி ஹார்லெம் என்று அழைத்தனர். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில், நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. ஆனித் திருவிழாக் காலத்தில் கால் வைக்க இடமின்றி அடியார் கூட்டம் நிறையும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணையூடாகச் சென்று, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான நீண்ட தாம்போதியையும் தாண்டினால் குறிகட்டுவான் இறங்குதுறை வரும். தரைவழி அங்கே முடிந்துவிடும். அப்பால் படகுதான் துணை. அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, சீமெந்து, சைக்கிள் யாவும் மனிதரோடு மனிதராகப் படகேறியே தீவைச் சேரவேண்டும்.

அண்மையில் நாம் சென்ற படகில் எம்மோடு பயணஞ் செய்தது ஒரு புத்தம்புதிய மோட்டார் சைக்கிள். பந்தயப் பாங்கில் அமைந்தது. தாழ்ந்த கைபிடி, உயர்ந்த பின்னிருக்கை, கூரிய முகம். நால்வர் கைகொடுத்துப் பலகை வழியாக அதனைப் படகில் ஏற்றினர். அதன் உரிமையாளரான இளைஞர், கடல் நீர் தெறிக்கும்போதெல்லாம் கைக்குட்டையால் அதனைத் துடைத்தவண்ணம் இருந்தார். அவரது பதற்றத்திற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 ஆம் ஆண்டிலேதான் மீண்டும் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே பொன்விலைக்குப் போயின. வெளிநாட்டில் வாழும் தமையன் அனுப்பிய பணமும், யாழ்நகரில் தாம் உழைத்துச் சேர்த்த பணமும் சேர்ந்தே அந்த வண்டி ஆயிற்று என்றார்.

"தீவிலே ஓடுவதற்கா இவ்வளவு பெரிய வண்டி?" என்று வினவினோம்.

"இல்லை ஐயா. வேலைக்கு ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் போய்வரத்தான். இறங்குதுறையிலை விட்டிட்டுப் படகு ஏறுவன். முதல்லை அம்மாளாச்சியின்ரை வாசல்லை பூசை செய்யவேணும் எண்டு அம்மா சொன்னவ. அதோடை வீட்டிலை வைச்சுச் சில வேலையளும் செய்யக் கிடக்கு" என்றார்.

அந்தச் "சில வேலைகள்" எவை என்பதை அறியும் ஆவல் எமக்கு உண்டாயிற்று. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கி, வண்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறியபின், தேநீருக்கு வரும்படி அவர் அழைக்க, நாமும் உடன் சென்றோம். விறாந்தையில் சாக்கு விரிக்கப்பட்டிருந்தது. ஸ்பனர்கள் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. அருகே அவரது தாய்மாமன் அமர்ந்திருந்தார். குடாநாட்டில் நாற்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலை செய்து முதிர்ந்த கை அவருடையது.

இளைஞர் செய்ய விரும்பியவை மூன்று. முன்பற்சில்லை மாற்றி வேகத்தைக் கூட்டுதல்; ஓசை மிகுந்த வேறொரு சைலன்சரைப் பூட்டுதல்; பின்புற மட்காப்பையும் பக்கக் கண்ணாடிகளையும் கழற்றி அழகாக்குதல். இன்று உலகெங்கும் இளைஞர்கள் தம் வண்டிகளுக்குச் செய்யும் வேலைகள் இவையே. மாமனோ மூன்றையும் கேட்டுவிட்டு, "எந்தப் பாதைக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்வியின் ஆழத்தை வாசகர்கள் உணரவேண்டுமாயின், இத்தீவின் பழங்கதை ஒன்றை அறிதல் நன்று. நாகபூஷணி அம்மன் கோயில் வளவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. அம்மன்னன் 1153 முதல் 1186 வரை ஆண்டவன். ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்று அது பணிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடையுமாயின் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தாலோ சரிபாதி அரசுக்கு, சரிபாதி உடையவனுக்கு. குதிரை கொண்டுவருபவனுக்கு அரசன் காட்டிய சலுகை இது. கடல்தாண்டி வரும் வேகத்தின் மீது மனிதன் கொண்ட மோகம், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவில் கல்லில் எழுதப்பட்டுவிட்டது!

அக்காலக் குதிரையின் இடத்தை இக்காலத்தில் மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. எஞ்சினின் ஆற்றலை நாம் 'பரிவலு' என்று குதிரையின் பெயராலேயே அளக்கின்றோம். ஜேம்ஸ் வாட் வகுத்த அந்த அளவு ஏறத்தாழ 746 வாட்டுக்குச் சமம். 150 கன சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு வண்டி பத்து முதல் இருபது பரிவலு வரை தரக்கூடும். அத்தனை குதிரைகளை ஒருசேரப் பூட்டி, ஒரு கையின் திருகலில் அடக்கியிருக்கிறது இன்றைய தொழில்நுட்பம். ஆனால் குதிரையாயினும் எஞ்சினாயினும், ஓடவேண்டிய நிலத்தை அறிந்து பழக்குவதே பழக்கம்.

மாமன் தமது கேள்வியைக் கணக்காலேயே விளக்கினார். முன்பற்சில்லில் 14 பற்களும் பின்பற்சில்லில் 42 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பின்சில்லு ஒருமுறை சுழல, முன்பற்சில்லு மூன்று முறை சுழலவேண்டும். முன்னே 15 பல் பூட்டினால் அது 2.8 ஆகக் குறையும். எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடிய தூரம் செல்லும், இழுவை குறையும். 13 பல் பூட்டினால் 3.23 ஆகும். இழுவை கூடும், ஓடும் வேகம் குறையும். இரண்டையும் ஒருங்கே பெற எந்தப் பற்சில்லாலும் இயலாது.

"தாம்போதியிலை சோளகம் எதிர்த்து அடிக்கேக்கை, பின்னாலை கொம்மாவையும் ஏத்திக்கொண்டு போனாயெண்டால், பதினைஞ்சு பல்லு உனக்கு என்னத்துக்கு உதவும் தம்பி? எஞ்சின் இழுக்கமாட்டாமல் நீ கியரைக் குறைப்பாய். காசைக் குடுத்து வேகத்தைக் குறைச்ச கதையாய் முடியும்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆற்றல் மட்டான சிறிய எஞ்சினுக்குப் பற்சில்லை மாற்றினால், காகிதத்தில் கூடும் வேகம் எதிர்காற்றில் குறைந்துவிடுவது உண்டு. தொழிற்சாலைப் பொறியியலாளர் பல காலம் ஓட்டிப் பார்த்தே ஒரு விகிதத்தை முடிவு செய்கின்றனர்.

மாமனின் அறிவு நூலறிவு அன்று. இல்லாமை கற்பித்த அறிவு. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்பொழுது யாழ்ப்பாணத்தார் தம் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; ஆதலால் குளிர்ந்த எஞ்சின் அதனால் எழும்பாது. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பிரித்தானியாவில் பேர்குசன் உழவியந்திரங்களுள் ஒருவகை இதே முறையில் ஓடியதுண்டு. ஆனால் அது அதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெய்க்கு இணங்கச் செய்தவர்கள் எம்மவர். புகை கக்கியது, பிளக் கரியேறியது, எஞ்சின் தட்டியது. ஆயினும் நோயாளி வைத்தியசாலைக்கும் ஆசிரியர் பள்ளிக்கும் போய்ச் சேர்ந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட அதே மக்களின் கைத்திறன் இது.

"அப்ப நாங்கள் வண்டியை மாத்தினது ஓடாத வண்டியை ஓடவைக்க. நீ மாத்தப் பாக்கிறது நல்லா ஓடுற வண்டியை" என்று மாமன் சொன்னபோது இளைஞர் தலைகவிழ்ந்தார். எனினும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப வீட்டிலை இருந்து ஒருத்தனும் புதுசாய் ஒண்டும் செய்யக்கூடாதோ மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகவும் ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார்.

நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் என்னும் ஊரில் பேர்ட் மன்றோ என்பவர் 1920 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வைத்திருந்தார். அது 'இந்தியன்' என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வண்டி. புதிதாக வாங்கியபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல் அளவே. தமது கொட்டகையில் தாமே உலோகம் உருக்கிப் பிஸ்டன் வார்த்தும், உறுப்புகளைச் செதுக்கியும், பல பத்தாண்டுகள் அதனைத் திருத்தி வந்தார். 1967 இல், 68 ஆவது வயதில், அமெரிக்காவின் பொன்னெவில் உப்புவெளியில் 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வகுப்பில் மணிக்கு 184.087 மைல் வேகம் பதித்தார். வீட்டு விறாந்தையிலும் சாதனை பிறக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர் அந்த வேகத்தில் ஓடிய இடத்தையும் கருதவேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, மாடில்லை, எதிரே வரும் வண்டியில்லை. அது பந்தயத்திற்கென ஒதுக்கப்பட்ட உப்புத் தரை.

எமது தீவுகளிலும் உப்பு உண்டு. அது ஓடுதளமாக அன்று, காற்றாக இருக்கிறது. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்களில் உப்புநீர் படிந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, அலுமினியம் விரைந்து தேயும். சங்கிலி இறுகும், மின்கம்பிகளின் முனைகள் பச்சை பூக்கும், பிறேக் பிடிகள் சிக்கும். நல்ல தண்ணீரால் கழுவுவதே இதற்கு மருந்து. நன்னீர் அருமையான தீவிலே வண்டிக்கு வாளி வாளியாக வார்க்க எவருக்கும் மனம் வராது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, மூட்டுகளுக்குக் கிறீசும் சங்கிலிக்கு எண்ணெயும் இடுவதே இங்குள்ள வழக்கம்.

அன்று விறாந்தையில் நடந்த வேலையும் இந்த வழியிலேயே அமைந்தது. மாமன் சொல்ல, மருமகன் செய்தார். கைப்புத்தகத்தைப் பார்த்துச் சங்கிலியின் தொய்வை மில்லிமீற்றர் அளவில் சரிசெய்தனர். ரயர்களின் காற்றழுத்தத்தை, ஒருவர் ஏறும்போதும் இருவர் ஏறும்போதும் வெவ்வேறாகக் குறித்துவைத்தனர். பிறேக் பிடியையும் கிளச் பிடியையும் இளைஞரின் விரல் நீளத்திற்கு ஏற்பத் திருப்பினர். வெளியே தெரியும் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிறிது கிறீசு தடவி, மீண்டும் பூட்டினர். புது எஞ்சினின் உட்பரப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து பதப்படும் வரை முறுக்கி ஓட்டலாகாது என்றும், முதல் எண்ணெயைக் குறித்த தூரத்தில் தவறாது மாற்றவேண்டும் என்றும் மாமன் வற்புறுத்தினார்.

கண்ணாடிகளைக் கழற்றும் பேச்சு எழுந்தபோது அவர் மருமகனிடம் மீண்டும் ஒரு கணக்கைக் கொடுத்தார். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி 22 மீற்றர் போய்விடும். கண் கண்டதைக் கை உணர்ந்து பிறேக்கைப் பிடிக்குமுன் கழியும் தூரம் அது. வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். தாம்போதியின் இருபுறமும் கடல், பக்கக்காற்று வண்டியைத் தள்ளும், ஒதுங்க இடமில்லை. "முதல்லை நிப்பாட்டப் பழகு; பிறகு ஓடப் பழகு" என்றார். அப்பொழுது கதவடியில் நின்ற தாயார் ஒன்றும் பேசவில்லை. மகன் மட்டும் கண்ணாடிகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினார்.

சைலன்சரில் மட்டும் முடிவு எளிதாக வரவில்லை. தற்கால வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் இல்லை. எரிபொருளைத் தெளிக்கும் அளவை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்கான கணக்கு. சைலன்சரைத் திறந்துவிட்டால் புகை வெளியேறும் ஓட்டம் மாறி, இந்தக் கணக்குப் பிறழலாம். கலவை மெலிந்தால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். இவையெல்லாம் கேட்டும் இளைஞருக்கு ஆசை தீரவில்லை. அவ்வேளை கோயில் மணி ஒலித்தது. சிறிது நேரத்தில் விகாரைப் பக்கமிருந்து பிரித் ஓதும் ஓசையும் காற்றில் வந்தது. இத்தனை சிறிய தீவில் ஒருவன் எழுப்பும் ஓசை எல்லார் வீட்டுக்குள்ளும் புகும். புதிய சைலன்சர் பெட்டியிலேயே இருந்தது. அதனை அவர் திருப்பிக் கொடுப்பாரோ, ஒருநாள் பூட்டிப் பார்ப்பாரோ, நாம் அறியோம்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஒரு சொல். இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் ஆவல் நல்லது; அதனை அடக்கவேண்டாம். ஆனால் ஸ்பனரைக் கையில் எடுக்குமுன் அளவுகோலை எடுங்கள். கழற்றுமுன் இருந்த நிலையை எழுதிவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பயனைக் கண்டபின் அடுத்ததைத் தொடுங்கள். விஞ்ஞானக் கூடத்தில் கற்கும் முறை வேறு, விறாந்தையில் கற்கும் முறை வேறு என்பதில்லை.

நயினாதீவுக்குச் செல்லும் அன்பர்கள் அம்மனை வழிபட்டு, விகாரையையும் கண்டு, அடுத்த படகுக்கு விரைவது வழக்கம். இனிச் செல்வோர், கோயில் வளவிலுள்ள அக்கல்வெட்டின் முன் சற்றே நிற்கவேண்டுகிறோம். குதிரைகளை விரும்பிய அம்மன்னன், அவற்றை ஏற்றிவரும் கலம் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எண்ணிவைத்தான்.