கராஜ் சூடா, கை சூடா

ஸ்காபரோவில் ஜனவரி மாதம் பிறேக் மாற்ற உட்காருகிறவனை முதலில் தோற்கடிப்பது ஸ்பானர்தான். மைனஸ் 15 பாகையில் இரவு முழுக்கக் கிடந்த இரும்பு, தொட்ட கையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடித்த கையுறையோடு சின்ன நட்டைப் பிடிக்க முடியாது. கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் விறைத்து, நட்டு கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரியாது. அந்தக் கையோடு, ஸ்ராண்டில் ஏற்றிய காருக்குக் கீழே படுத்து வேலை செய்வது விபத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. ஆகவே கராஜைச் சூடாக்குவதை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதனால் சூடாக்குவது என்பதில்தான் வில்லங்கம். குளிர் தொடங்கியதும் கடைகளில் முன்வரிசைக்கு வருவது, சிலிண்டரின் தலையில் பூட்டுகிற புரொப்பேன் ஹீற்றர். விலை குறைவு. வயர் வேண்டாம். பற்றவைத்த இரண்டாம் நிமிடமே செக்கச்செவேலென்று தகிக்கும். எங்கள் ஆட்களில் பலருக்கு அதன்மேல் ஒரு கண்.

நெருப்பைப் பற்றிய எங்கள் அறிவெல்லாம் குசினியில் வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய குசினிகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். விறகுப் புகை அதனூடாகப் போய்விடும். அளவுக்கு மிஞ்சினால் கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், எழும்பி முற்றத்துக்கு வந்துவிடுவோம். நெருப்பு கெடுதல் செய்யப்போகிறதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அப்படித்தான் ஊறியது. கதவு, கீழ்விளிம்பு, சந்து பொந்தெல்லாம் அடைத்த கராஜுக்குள் நீலமாக, துப்புரவாக எரிகிற புரொப்பேனிடம் அந்த நாணயம் கிடையாது. காற்று போதாமல் எரியத் தொடங்கினால் கார்பன் மொனொக்சைட் வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறவேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பிடிப்போடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலையிடி, பிறகு ஓங்காளம். குளிரில் மாடு மாதிரி உழைத்தவன் தலையிடித்தால் என்ன செய்வான்? ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போவான். கொடைக்கானல் பக்கம் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டு உறங்கியவர்கள் எழும்பாத செய்தியும் இதே கதைதான்.

“ஹீற்றரில் சென்சார் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் சில மாடல்களில்தான். அதுவும் அளப்பது ஒட்சிசனை. வழமையாக 21 வீதம் இருப்பது 18 வீதமளவுக்கு இறங்கினால் ஹீற்றரை நிறுத்தும். கார்பன் மொனொக்சைட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. இன்னொரு சங்கதியைப் பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். அது குளிர்ந்த இரும்பில் படிந்து, ஆயுதப் பெட்டியிலுள்ளதெல்லாம் துருப்பிடிக்கும்.

மற்ற ஆபத்து நிலத்தோடு ஊர்கிறது. குளிரில் பெற்றோல் ஆவியாகாது என்று நம்புகிறவர்கள் உண்டு. மைனஸ் 40 பாகையிலும் பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. தரையில் பாய்போல விரிந்து கிடக்கும். பற்றவைக்கக்கூடிய எந்தச் சாதனமும் கராஜ் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயரத்தில் இருக்கவேண்டும் என்று வட அமெரிக்க விதிகள் சொல்வது இதனால்தான். எரிபொருள் குழாயைக் கழற்றும் வேலையென்றால் குளிரோ வெயிலோ, கதவு திறந்திருக்க வேண்டும், ஹீற்றர் அணைந்திருக்க வேண்டும். பிறேக் கிளீனரும் லேசுப்பட்டதல்ல. ஒரு வகை சட்டென்று தீப்பிடிக்கும். தீப்பிடிக்காத குளோரின் வகையை வாங்கினால் தப்பினோம் என்று நினைக்கலாம். அதன் ஆவி நெருப்பிலோ சிவந்த கம்பியிலோ பட்டால் பொஸ்ஜீன் உண்டாகும். முதலாம் உலகப் போரில் படைவீரர்கள்மேல் விட்ட அதே வாயு.

எங்கள் தெருவில் எனக்கு முன்பே வந்து குடியேறிய ஓர் அண்ணை இருக்கிறார். கோண்டாவில் பஸ் டிப்போவில் வேலை பழகியவர். நான் ஹீற்றர் விசாரிக்கப் போனபோது அவர் மாடலைப் பற்றிப் பேசவே இல்லை.

“தம்பி, உமக்குக் கராஜ் சூடாக வேணுமோ, கை சூடாக வேணுமோ? அதை முதலிலை முடிவெடும்.”

“இரண்டும் வேணும் அண்ணை.”

“அப்ப ஹைட்ரோ பில்லையும் நீர்தான் கட்டவேணும்.”

இந்த ஊரில் மின்சாரத்தை ஹைட்ரோ என்றுதான் சொல்வார்கள். அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. சாதாரண சுவர்ப் பிளக்கில் 1,500 வாட்டுக்கு மேல் எடுப்பது உசிதமல்ல. அந்தச் சூடு ஒரு கராஜின் காற்றை நிரப்பாது. காற்றுச் சூடேறினாலும் கதவின் கீழ்விளிம்பால் ஓடிவிடும். அதே 1,500 வாட்டைக் கதிராக வீசும் இன்ஃப்ராரெட் ஹீற்றரில் கொடுத்து, மேலேயிருந்து வேலை செய்யும் மூலைக்குத் திருப்பிவிட்டால் முதுகும் கையும் சூடாகும், ஸ்பானரும் சூடாகும். காற்று குளிராகவே கிடக்கட்டும். அண்ணையின் கராஜில் அப்படித்தான் இருக்கிறது. கதவின் அடியில் புது ரப்பர் பட்டி, தரையில் படுக்கத் தடித்த ஃபோம் விரிப்பு. ஆயுதங்களை முதல்நாள் இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இந்தக் கடைசிக் காரியத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனாலோ என்னவோ யாரும் அதைச் செய்வதில்லை.

முழுக் கராஜையும் சூடாக்கியே தீரவேண்டுமென்றால் கூரையில் தொங்கவிடும் 240 வோல்ற் மின்ஹீற்றர்தான் வீட்டோடு ஒட்டிய கராஜுக்கு நல்லது என்பது என் முடிவு. 5,000 வாட் என்றால் அதற்கென்று தனியாக 30 அம்பியர் இணைப்பு இழுக்கவேண்டும். ஒன்ராறியோவில் அந்த வேலையை மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். மச்சானுக்கு வயரிங் தெரியும் என்பது அனுமதிப் பத்திரம் ஆகாது.

ஒட்டிய கராஜ் என்று அழுத்திச் சொல்லக் காரணம், அதன் மேலே பெரும்பாலும் ஒரு படுக்கையறை இருக்கும் என்பது. வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், இடுக்கில்லாமல் இறுக வேண்டும் என்று இங்குள்ள கட்டட விதி சொல்கிறது. சாமான் தூக்கிக்கொண்டு போய்வரும்போது உபத்திரவமாக இருக்கிறதென்று கதவைச் சாத்தும் சுருளைக் கழற்றிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில், வாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டதால் ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரு பிள்ளைகளும் கார்பன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டத்தின் பயனாக, 2014 அக்டோபர் முதல் ஒட்டிய கராஜ் உள்ள வீடுகளிலும் அலாரம் கட்டாயம். கராஜுக்குள் மாட்டுவதற்கல்ல, படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கு. உறைகுளிரில் அந்தக் கருவியை நம்பமுடியாது. அதற்குப் பொறுமையும் அதிகம். காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு என்றால் ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள்தான் கத்தும். 400 பங்கென்றால் நாலு நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள். தலையிடியோடு கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியே வருவதுதான் புத்தி.

சூடான கராஜ் காருக்கு நல்லது என்றும் ஒரு நினைப்பு. வீதியில் கொட்டிய உப்பு காரின் அடியில் அப்பியிருக்கும். வெளியே உறைந்து கிடக்கும்வரை துரு மெதுவாகத்தான் நடக்கும். உள்ளே கொண்டுவந்து பனியைக் கரைத்தால் உப்புத்தண்ணீரும் சூடும் ஒன்றுசேர்ந்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். வேலைக்கு ஏற்றுமுன் அடிப்பாகத்தைக் கழுவவேண்டும், முடிந்ததும் வெளியே விட்டுவிடவேண்டும் என்பது அண்ணையின் கட்டளை. “கார் குளிரிலை நிக்கட்டும், நீர் உள்ளுக்கை நில்லும்.” அவருடைய மனைவிக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடில்லை. காலையில் கண்ணாடியில் உறைபனி சுரண்டுவது யார் என்று என் முன்னாலேயே கேட்டார். அண்ணை காது கேட்காதவர் போல பத்தாம் நம்பர் ஸ்பானரைத் தேடினார்.